இளைய தாரத்துக்கு எத்தனை சென்ட்?

"நான் களை வெட்டாத பாத்தி அந்தக் காட்டுல இல்லீங்க வக்கீலம்மா. எனக்கு ஏன் பங்கு இல்ல?"

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து பாக வழக்குக்காக என்னிடம் வரும் இளைய தாரத்துப் பெண்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். ஊரறியத் தாலி ஏறியிருக்கும், ரேஷன் கார்டில் பெயர் இருக்கும். கணவர் படுக்கையில் விழுந்தபோது கஞ்சி ஊற்றியதும் இந்தம்மாவாகத்தான் இருக்கும். ஆனால் முதல் மனைவி உயிரோடு, விவாகரத்து ஆகாமல் இருக்கையில் நடந்த கல்யாணம் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. அதனால் அவர் சொத்துக்கு இந்தம்மா வாரிசாக முடியாது. (முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டமே வேறு.)

பிள்ளைகளுக்கு அப்படியில்லை. அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு அவர்களை முறைப்படி பிறந்தவர்களாகவே ஏற்கிறது. ஆனால் தாய் தகப்பன் சொத்தில் மட்டும்தான் உரிமை. பாட்டன் வழிப் பூர்வீகத்தில் பிறப்பாலேயே வரும் பங்கு கிடையாது. தகப்பன் பங்கு எதுவரை என்பதை 2023 செப்டம்பர் 1 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

அந்தத் தீர்ப்புப்படி கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூர்வீகம் 6 ஏக்கர். மூத்த தாரத்துக்கு ஒரு மகன், ஒரு மகள். இளையவருக்கு இரண்டு பிள்ளைகள். தகப்பன் சாவதற்குச் சற்று முன் பாகம் பிரிந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் மூத்த தாரத்துப் பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு 2 ஏக்கர். அவருடைய 2 ஏக்கரை மூத்த மனைவியும் நான்கு பிள்ளைகளும் பிரித்தால் தலைக்கு 40 சென்ட். ஆக, மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2 ஏக்கர் 40 சென்ட், இளைய தாரத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 40 சென்ட். அதே 6 ஏக்கர் அவர் சுயமாகச் சம்பாதித்ததென்றால் ஐவருக்கும் சமமாக 1 ஏக்கர் 20 சென்ட். இளையவருக்கு இரண்டிலும் ஒன்றுமில்லை. பூர்வீகமா, சுயார்ஜிதமா என்று இந்த வழக்குகளில் மூலப் பத்திரத்தைத் தேடி அலைவது இதனால்தான்.

சண்டை பெரும்பாலும் தாலுகா ஆபீசில்தான் தொடங்குகிறது. இளைய தாரத்துப் பிள்ளைகளின் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவையும் மாற்றிவிடுவார்கள். பட்டா மாறிவிட்டதாலேயே பிள்ளைகளின் உரிமை போய்விடாது. கோர்ட்டில் பங்கு கேட்கலாம். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் கிணறு தூர்ந்துபோகிறது, மோட்டார் யார் முறை என்று கைகலப்பு வருகிறது, அண்ணன் தம்பிகள் சாவு வீட்டுக்கும் போவதில்லை.

சட்டம் தராததை அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போது தந்திருக்கலாம். சுயார்ஜித நிலத்தை செட்டில்மென்டாகவோ உயிலாகவோ யாருக்கும் எழுதலாம். பூர்வீகத்தில் தன் பங்கையும் உயில் மூலம் கொடுக்கலாம். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும்.

இரண்டு குடும்பம் வைத்திருக்கும் பெரியவர்களே, நினைவு நன்றாக இருக்கும்போதே எழுதிவையுங்கள். உங்கள் காட்டில் களை வெட்டியவருக்கு ஒரு ஏக்கராவது எழுதுங்கள்.