கடலுக்கு அடியில் ஒரு மேய்ச்சல் நிலம்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளரும் பிள்ளைகளுக்குக் கடல் என்றாலே போர்ட்டிக்சன்தான். தெலுக் கெமாங் பக்கம் நீர் வற்றிய நேரத்தில் மணலும் சேறும் கலந்த இடத்தில் பச்சை நாடா போன்ற இலைகள் காலில் பட்டால், பாசி என்று நினைத்து மிதித்துக்கொண்டு போய்விடுவோம். பாசிக்கு வேரும் இல்லை, பூவும் இல்லை. வேர், தண்டு, இலை, பூ என்று எல்லாமே இருந்தால் அது கடற்புல். நிலத்துச் செடியைப் போலவே அதற்கும் வெயில் வேண்டும். தண்ணீர் கலங்கினால் வெயில் அடி வரை போகாது, புல் செத்துவிடும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் மாணவர்களே, பிறகு தேவைப்படும்.

இந்தப் புல்லை மட்டுமே நம்பி வாழும் விலங்கு கடல்பசு. மலாயில் டுயோங். மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ எடை வரை வளரும். ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் தின்னும். உழவு ஓட்டியதுபோல் புல்வெளியில் கோடு கோடாகத் தடம் விட்டுக்கொண்டே மேயும். ஆய்வாளர்கள் அந்தத் தடத்தைப் பார்த்தே கடல்பசு வந்து போனதைக் கண்டுபிடிக்கிறார்கள். மீனைப் போலத் தோன்றினாலும் இது பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சுவிட்டாக வேண்டும். வலையில் சிக்கினால் மூழ்கியே செத்துப்போகும். இதன் நெருங்கிய உறவுக்காரர் திமிங்கலம் அல்ல, யானை!

அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் மானாட்டிகள் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். வாலைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மானாட்டிக்கு வட்டமான துடுப்பு வால்; நம் கடல்பசுவுக்கு டால்பினைப் போலப் பிளந்த வால். குடும்பத்தில் இன்னொருவரும் இருந்தார். 1741-இல் வட பசிபிக் கடலில் கண்டறியப்பட்ட ஸ்டெல்லர் கடல்பசு, இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு 1768-க்குள் அடியோடு அழிந்தது. கண்டுபிடித்த 27 ஆண்டுகளில் கதை முடிந்துவிட்டது.

நம் நாட்டில் கடல்பசு ஜொகூர், சபா, சரவாக் கடல்களில் இன்னும் இருக்கிறது. 1999-இல் ஜொகூர் நீரிணையில் ஒரு குட்டி மீனவர் ஒருவரிடம் அகப்பட்டது. 'சி தெனாங்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தெனாங் என்றால் அமைதி. செய்தித்தாள்களில் வந்து நாடே அதைத் தெரிந்துகொண்டது. ஆனால் சில மாதங்களிலேயே குட்டி இறந்துவிட்டது.

அதே 1999-இல்தான் தீபகற்ப மலேசியாவின் கடல்பசுக்களைக் காக்கும் விதிமுறையும் வந்தது. மீன்வளச் சட்டத்தின் கீழ், அழிந்துவரும் மீன் இனங்களுக்கான பட்டியலில் கடல்பசுவும் சேர்க்கப்பட்டது. (பாலூட்டியை மீன் பட்டியலில் வைத்தால் அறிவியல் பாடத்தில் உங்களுக்கு மதிப்பெண் கிடைக்காது. சட்டத்தில் மட்டும் அது செல்லும்.) அதைப் பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். சபாவிலும் சரவாக்கிலும் அந்தந்த மாநிலச் சட்டங்களே அதற்கு முழுப் பாதுகாப்புத் தருகின்றன.

சரி, விலங்குக்குச் சட்டம் இருக்கிறது. புல்லுக்கு? சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜொகூர் நீரிணையின் மேற்குப் பகுதியில் மெராம்போங் என்ற இடத்தில் தீபகற்பத்தின் மிகப் பெரிய கடற்புல் வெளிகளில் ஒன்று இருக்கிறது. அதற்கு அருகிலேயே கடலைத் தூர்த்துச் செயற்கைத் தீவுகளில் ஒரு நகரம் கட்டும் பணி தொடங்கியது. எதிர்ப்பு எழுந்ததால் 2014-இல் வேலையை நிறுத்தும்படி சுற்றுச்சூழல் துறை உத்தரவிட்டது. பிறகு விரிவான சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு நடந்தது. 2015-இல், பரப்பைக் குறைத்து, நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அங்கே யாரும் ஒரு கடல்பசுவைக் கொல்லவில்லை. 1999 விதிமுறையை வைத்துக்கொண்டு யார் மீதும் வழக்குப் போட முடியாது. ஆனால் தூர்ப்பதால் கிளம்பும் வண்டல் புல்லின் மேல் படிந்தால் கடல்பசு எதைத் தின்னும்?

ஜொகூரின் கிழக்குக் கரையில், மெர்சிங்கை அடுத்த சிபு, திங்கி தீவுகளைச் சுற்றி நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. மாரேசெட் என்ற ஆய்வு அமைப்பு சிறு விமானத்தில் பறந்து அங்கே கடல்பசுக்களைக் கணக்கெடுத்து வருகிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் லூயிசா பொன்னம்பலம். அந்தத் தீவுகள் ஏற்கெனவே கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பூங்காவின் எல்லை கரையிலிருந்து இரண்டு கடல் மைல். அந்தக் கோடு கடல்பசுவுக்குத் தெரியுமா என்ன? புல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது போகும்.

மானாட்டிகள் வாழும் ஃபுளோரிடாவைப் பாருங்கள். 1978 முதலே தனிச் சட்டம், படகுகளுக்கு வேகக் கட்டுப்பாடு என்று எல்லாமே அங்கு உண்டு. எண்ணிக்கையும் கூடியது. ஆனால் 2021-இல் ஒரே ஆண்டில் 1,100 மானாட்டிகள் செத்தன. பல பட்டினியால் செத்தவை. உரமும் கழிவுநீரும் காயலில் கலந்து, நுண்பாசி பெருகி, வெளிச்சம் மறைந்து, கடற்புல் அழிந்துபோயிருந்தது. கடைசியில் அதிகாரிகள் கீரை வாங்கிப் போட்டுக் காட்டு விலங்குக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டியதாயிற்று.

உரம் என்றதும் உங்கள் தோட்டம் நினைவுக்கு வரலாம். சிரம்பான், ரந்தாவ் பக்கத்து நீரை வாங்கிக்கொண்டு லிங்கி ஆறு மலாக்கா நீரிணையில்தான் கலக்கிறது. செம்பனை மரங்கள் ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒரு முறை வெட்டப்பட்டு மறுநடவு நடக்கும்போது மண் வெறுமையாகக் கிடக்கும். அந்த நேரத்தில் பெய்யும் ஒரு பெருமழை ஆற்றைச் செந்நிறமாக்கிவிடும். தரையை மூடிப் படரும் அவரைக் கொடிகளைத் தோட்டங்களில் வளர்ப்பது ஏன் என்று அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள். மண் ஓடாமல் இருக்க என்பார்கள். ஆற்றுக்கு அப்பால் கடலில் இருக்கும் புல்லுக்கும் அது உதவுகிறது.

தாத்தா, பாட்டி ஊர் தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று உங்களில் பலர் வீட்டில் கேட்டிருப்பீர்கள். அந்தக் கரைகளிலும் கடல்பசு உண்டு. மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் புலியோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்தது. இருந்தும் இந்தியக் கடல்களில் இன்று சில நூறு மட்டுமே எஞ்சியுள்ளன. கடல்பசு பத்து வயதை ஒட்டித்தான் முதல் குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். இழந்ததை ஈடுகட்டுவது அவ்வளவு மெதுவாக நடக்கிறது.

அதனால்தான் 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவு முக்கியமானதாக எனக்குப் படுகிறது. பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். விலங்கோடு சேர்த்து அதன் மேய்ச்சல் நிலத்துக்கும் காவல் கிடைத்தது. மீனவர்களை வெளியேற்றவும் இல்லை, புதிய தடை போடவும் இல்லை. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்கு ஊக்கத்தொகை கிடைக்கிறது. வலையை அறுத்தால்தான் விலங்கு பிழைக்கும். அறுந்த வலைக்குக் காசு வேண்டாமா? மீனவர் வீட்டு மாணவர்களுக்கும் கல்வி உதவித்தொகை கொடுத்து, கடல்பசுவைக் கண்காணிக்கும் தன்னார்வலர்களாகச் சேர்த்திருக்கிறார்கள்.

அழிந்த இடத்தில் புல்லைத் திரும்ப நடும் வேலையும் அங்கே நடக்கிறது. மூங்கிலால் சட்டம் செய்து, தேங்காய் நார்க் கயிற்றை குறுக்கும் நெடுக்கும் கட்டி, அதில் கடற்புல் நாற்றுகளைச் செருகி, கடலடியில் இறக்கி வைக்கிறார்கள். வேர் மண்ணைப் பிடித்த பிறகு மூங்கிலும் கயிறும் தாமாகவே மக்கிவிடும். எடுத்து வர வேண்டிய குப்பை எதுவும் மிச்சம் இல்லை.