மூலமும் இடைச்செருகலும்

ஏட்டுச் சுவடி ஒன்றின் காலத்தை ஆராயப் புகுவோர் முதற்கண் வினவுவது, மூலம் எது, இடைச்செருகல் எது என்பதேயாம். கொட்டகலையில் என்பாற் பயின்ற மாணவர் ஒருவர், தாம் வாங்கிய இத்தாலியப் பந்தயத் துவிச்சக்கரவண்டியின் வயதை வினவியபோது, யானும் அம்முறையையே மேற்கொண்டேன். வண்டி 1950ஆம் ஆண்டினது என்று கூறியே விற்றிருந்தனர்.

வண்டிக்கு மூலம் அதன் உருக்குச் சட்டகம். வண்ணமும் பெயரொட்டும் பின்னர் ஏற்றத்தக்கன. மிதியச்சு பொருந்தும் குழலின் மரையை மாற்றுதல் அத்துணை எளிதன்று. இத்தாலிய மரபில் அதன் விட்டம் 36 மில்லிமீற்றர். இருபுறமும் வலஞ்சுழி மரையே. ஆங்கில மரபிலோ வலப்புறத்து மரை இடஞ்சுழியாம். இவ்வண்டி இத்தாலிய மரபினதே.

இனிக் காலம். துல்லியோ கம்பஞோலோ 1933இல் விசென்சா நகரில் நிறுவிய தொழிலகத்தின் உறுப்புகள் இதில் உள்ளன. சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் 'நுவோவோ றெக்கோர்ட்' கருவி 1967இல் வெளிவந்தது; இங்குள்ளதன்மேல் 78 என ஆண்டு பொறித்துளது. சில்லுகளின் குடத்து மரையாணிகளிலோ 72 என்றுளது. ஆகவே கருவி பின்னர்ச் சேர்ந்த இடைச்செருகலாகலாம். நொடியிற் கழற்றத்தக்க சில்லும் தனிச்சான்றாகாது. சட்டகத்தின் தொடரெண்ணும் வேலைப்பாடும் ஒத்துவரின், 1972ஐ அடுத்த காலமெனத் துணியலாம். 1950க்குச் சான்று பகரும் உறுப்பு ஒன்றேனும் இல்லை.

மாணவர் முகம் வாடிற்று. தொன்மையே பெருமையென எண்ணி நூல்களுக்கு இல்லாத முதுமையை ஏற்றும் நம்மவரும் இதனைச் சிந்திப்பாராக. உள்ள வயதே அவ்வண்டிக்குப் போதிய சிறப்பாம்.