கடற்கரையிலிருந்து கல்மரம் வரை

புதுச்சேரி நகருக்கு வடக்கிலும் வடமேற்கிலும் நிலம் மெல்ல மேடேறி, கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டர் அளவுக்கு உயர்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்து போகிறவர்களுக்கு அது மேடு என்றே தெரியாது. பொம்மையார்பாளையத்தில் அந்தச் சாலையை விட்டு மேற்கே சிறிது தூரம் உள்ளே நடந்தால், தரை திடீரென்று பிளந்து, செங்குத்துச் சுவர்களும் ஒடுங்கிய சந்துகளுமாக ஒரு செம்மண் பள்ளத்தாக்கு எதிரே நிற்கிறது. ‘குட்டி கிராண்ட் கேன்யன்’ என்று படங்களில் உலவுவது இதுதான். ஊர்க்காரர்களுக்கு இது வெறும் ஓடை. இங்கிருந்து ஆரோவில், இரும்பை, வானூர் வழியாகத் திருவக்கரை வரை கிராமச் சாலைகளிலேயே ஒரு நாள் பயணம் போகலாம்.  அந்தத் தூரத்துக்குள் பாலைவனம் போன்ற நிலம், அதை மறைத்து வளர்ந்த காடு, கடல் கிடந்த தடம், கல்லாகிப்போன மரம் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன.

நகரை விட்டு வெளியேறுவதே ஒரு வரலாற்றுப் பாடம். முத்தியால்பேட்டை முடிந்து கோட்டக்குப்பம் வந்ததும் தமிழ்நாடு தொடங்குகிறது. சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். அதைத் தாண்டிய பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சியில் துண்டு துண்டாகச் சேர்ந்த ஊர்கள் 1954இல் இந்தியாவோடு இணைந்தபோதும் அந்தத் துண்டு எல்லைகள் மாறவில்லை. எல்லைப் பலகையைப் பார்க்காதவர்களும் பெட்ரோல் விலையையும் மதுக்கடைகளின் நெரிசலையும் வைத்து எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். வண்டிக்கு நகரிலேயே பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்புவது உள்ளூர் வழக்கம்.

பொம்மையார்பாளையத்து ஓடை கடலை நோக்கி இறங்கும் பல ஓடைகளில் ஒன்று. ஓரிடத்தில் ஆள் உயரம், இன்னோரிடத்தில் பனை உயரம் என்று அதன் ஆழம் மாறிக்கொண்டே போகும். சுவர்களில் மேலே அடர்சிவப்பு, நடுவே காவி, கீழே ஆங்காங்கே வெளிர்மஞ்சளும் வெள்ளைக் களிமண்ணும். கிளை ஓடைகள் இருபுறமும் பிரிகின்றன. ஒவ்வொரு கிளையின் தலைப்பிலும் குதிரை லாட வடிவில் ஒரு சரிவு. சில இடங்களில் மண் கரைந்துபோய் கூம்புகளும் தூண்களும் மட்டும் நிற்கின்றன. அவற்றின் உச்சியைக் கவனித்தால் பெரும்பாலும் ஒரு கூழாங்கல்லோ சரளைக் கட்டியோ உட்கார்ந்திருக்கும். அந்தக் கல் குடையாக இருந்து மழைத்துளியைத் தாங்கியதால் அதன் அடியிலிருந்த மண் மட்டும் தப்பித்திருக்கிறது.

நிலவியலார் இந்தப் படிவைக் கடலூர் மணற்கல் என்கிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல், சரளை, களிமண் ஆகியவற்றின் அடுக்கு இது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடைப்பதும் இதே படிவுத் தொகுதியில்தான். பெயரில் கல் இருந்தாலும் இங்கே அது முழுக்க இறுகவில்லை. மணல் துகள்களை ஒட்டவைத்திருப்பது களிமண்ணும் இரும்பு ஆக்சைடும். சிவப்பு நிறம் அந்த இரும்பிலிருந்து வருகிறது. காய்ந்திருக்கும்போது சுவர்போல நிமிர்ந்து நிற்கும். நனைந்தால் குழைந்து சரியும். மேல்பரப்பில் செம்புறாங்கல் ஓடு ஒன்று காப்பாக இருக்கிறது. அந்த ஓடு ஓரிடத்தில் உடைந்தால் தண்ணீர் கீழே உள்ள மென்மையான அடுக்கைப் பிடித்துக்கொள்ளும். அடிமண் அரிக்கப்பட, மேல்சுவர் தாங்க முடியாமல் விழும். ஓடையின் தலைப்பு ஒவ்வொரு மழைக்கும் சற்றுப் பின்னால், மேட்டை நோக்கி நகரும்.

பாலைவனம் என்ற சொல் இங்கே தவறான எண்ணத்தைத் தரும். புதுச்சேரி வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், சில நாள்களில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியிலும் மயிலத்திலும் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் அதிகமாகப் பெய்தது. மரம் இருந்தால் இலையும் சருகும் வேரும் சேர்ந்து அந்த நீரின் வேகத்தைக் குறைக்கும். விறகுக்கும் மரத்துக்கும் வெட்டி, மிச்சத்தை ஆடுமாடு மேய்ந்து, மேடு மொட்டையானபின் தடுக்க எதுவும் இல்லை. ஆக, இந்தப் பள்ளத்தாக்கைச் செதுக்கியது வறட்சி அல்ல, மழை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை ஆவதைச் சிலப்பதிகாரம் வெயிலின் கணக்கில் சொல்கிறது. இந்த மேட்டில் கணக்கு வேறு.

அமெரிக்காவின் பள்ளத்தாக்குகளோடு இதை ஒப்பிடுவதில் அளவு மட்டுமல்ல, காலமும் உதைக்கிறது. கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளமும் 1.6 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமும் உடையது. இறுகிய பாறையைக் கொலராடோ ஆறு அறுத்து முடிக்க ஏறத்தாழ 50, 60 லட்சம் ஆண்டுகள் ஆயின. இங்கே ஒரு தலைமுறைக்குள்ளேயே ஓடையின் உருவம் மாறிவிடும். சாலைகளின் கதையும் வேறு. யூட்டா மாநிலத்தில் புகழ்பெற்ற ஒயிட் ரிம் மண்சாலை சுமார் 160 கிலோமீட்டர் நீளம். 1950களில் யுரேனியம் தேடுபவர்களுக்காக அமெரிக்க அணுசக்தி ஆணையம் போட்டது. பொம்மையார்பாளையத்துச் செம்மண் தடங்களுக்கு அவ்வளவு பெரிய காரணம் கிடையாது. முந்திரிக் கொல்லைக்கும் கேழ்வரகு வயலுக்கும் மாட்டுவண்டி போய் வந்த வழிகள் அவை. பாறைப் பள்ளத்தாக்கையே பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத் தென்னிந்தியாவில் ஆந்திராவின் கண்டிக்கோட்டை இருக்கிறது. அங்கே பெண்ணாறு உண்மையிலேயே பாறையை அறுத்திருக்கிறது.

இதே மேட்டில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் என்ற பன்னாட்டு நகரம் தொடங்கப்பட்டது. 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் கொண்டுவந்த கைப்பிடி மண் அன்று ஒரு தாழியில் இடப்பட்டது. உலகத்து மண் எல்லாம் வந்து சேர்ந்த அந்த இடத்தில், சொந்த மண் ஒவ்வொரு பருவமழையிலும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வந்து குடியேறியவர்கள் முதலில் கற்றுக்கொண்டது கட்டடக்கலையை அல்ல, வரப்புப் போடுவதைத்தான். மேட்டின் சரிவுக்குக் குறுக்கே மண்கரைகள், ஓடைகளில் அடுக்கடுக்காகத் தடுப்பணைகள், தாழ்வான இடங்களில் குளங்கள். நீர் ஓடும் வேகம் குறைந்தது, மண் தங்கியது, பின்புதான் மரம். முதல் சுற்றில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேசியா வகைகள் நிழலுக்கும் சருகுக்கும் கைகொடுத்தன. அந்த நிழலில் கோயில் காடுகளிலிருந்து விதை சேகரித்து, இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் வளர்க்கப்பட்டன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அந்தக் காட்டில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. பழைய அக்கேசியாக்கள் விழுந்த இடைவெளியில் நாட்டு மரங்கள் மேலெழுந்தன.

குயிலாப்பாளையம் வழியாக மேலே ஏறும் சாலையில் இந்த வேறுபாட்டை வண்டியிலிருந்தே பார்க்கலாம். ஒரு பக்கம் அடர்ந்த மரங்களுக்கிடையே ஓடை தூர்ந்து கிடக்கும். கொஞ்ச தூரத்தில், பராமரிப்பற்ற புறம்போக்கில், அதே போன்ற ஓடை இன்னும் வாயைத் திறந்து வைத்திருக்கும். இந்த மேட்டில் இறங்கும் மழைநீர்தான் கீழேயுள்ள மணற்கல் அடுக்குகளில் சேர்ந்து சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குக் கிடைக்கிறது. கடலோரத்தில் உப்புநீர் நிலத்தடிக்குள் ஏறிவரும் இந்நாளில் இது சிறிய விஷயம் அல்ல. படம் எடுக்க வருபவர்கள் ரசிக்கும் செம்மண் சுவர், நீர் கணக்கில் பார்த்தால் நட்டம்.

ஆரோவிலின் மேற்கெல்லையில் இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. நந்தவனத்து ஆண்டியைப் பாடிய கடுவெளிச் சித்தரைப் பற்றிய கதை ஒன்று ஊரில் வழங்குகிறது. கோயிலில் ஆடிய பெண்ணின் சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிட, சபை நகைத்தது. சித்தர் சினந்து பாட, லிங்கம் வெடித்தது. வட்டாரம் பாலையாகும்படி சாபமும் விழுந்தது. தூர தேசத்தார் வந்து பசுமையாக்கும்போது சாபம் நீங்கும் என்பது கதையின் முடிவு. இந்த முடிவு ஆரோவில் வந்தபின் ஒட்டிக்கொண்டதோ என்று ஐயம் எழுவது இயல்பு. ஆனால், ஒரு காலத்தில் இந்த நிலம் இப்படி இருக்கவில்லை என்ற நினைவு கதையின் முற்பகுதியில் தெளிவாகவே இருக்கிறது.

திண்டிவனம் நெடுஞ்சாலையைத் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டுப் பக்கம் கடந்ததும் செம்மண் குறைந்து, வயலும் ஏரியுமான நிலம் வருகிறது. பார்வைக்குச் சாதாரணம். ஆனால் வானூர், வழுதாவூர் சுற்றுப்புறத்தில் மண்ணுக்கடியில் இருப்பவை டைனோசர்களின் இறுதிக் காலத்துக் கடல் படிவுகள். 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் இங்கே திரட்டிய தொல்லுயிர் எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விரிவாக விவரித்தார். பிரெஞ்சு அறிஞர் டோர்பினியும் அதே காலத்தில் புதுச்சேரிப் புதைபடிவங்களை ஆராய்ந்தார். சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகள் அவற்றில் முக்கியமானவை. சாலையோரத்தில் இவற்றைப் பார்க்க முடியும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

திருவக்கரையில் அந்தக் குறை இல்லை. சங்கராபரணி என்கிற வராக நதியின் கரையோரம், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. மொத்தம் 247 ஏக்கர், ஒன்பது துண்டுகள். மக்கள் பார்வைக்குத் திறந்திருப்பது அதில் சிறு பகுதி. அங்கே ஏறத்தாழ 200 கல்மரங்கள் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமான அடிமரங்கள். ஒன்றிலும் வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. அவை நின்ற இடத்தில் கல்லானவை அல்ல, வெள்ளம் உருட்டிவந்து மணலில் புதைத்தவை என்பதற்கு அதுவே சான்று. பொம்மையார்பாளையத்துச் சுவரில் தெரியும் அதே கடலூர் மணற்கல்தான் இவற்றையும் மூடியிருந்தது. மணலில் ஊறிய சிலிக்கா கரைசல் மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து, மரம் மக்க மக்க அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நார் ஓட்டமும் கணுக்களும் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. புளி, மருது, ஆமணக்குக் குடும்பங்களைச் சேர்ந்த மரங்கள் இவற்றில் அடையாளம் காணப்பட்டுள்ளன.

இவற்றை 1781இல் முதன்முதலில் பதிவு செய்தவர் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியேர் சொன்னேரா. நம் காடுகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இருப்பவரும் இவர்தான். ஊரில் வேறு விளக்கம் உண்டு. வக்கிராசுரனை அழித்தபோது சிதறிய எலும்புகளே இந்தக் கற்கள் என்பார்கள். அந்தக் கதையோடு சேர்ந்த வக்கிரகாளி சந்நிதி, சம்பந்தர் பாடிய சந்திரமௌலீசுவரர் கோயிலுக்குள் இருக்கிறது. மூலவர் மூன்று முகம் கொண்ட லிங்கம்.

சாலைகளைப் பற்றிச் சில விவரங்கள். ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதைகளில் சரளை உருளும். இருசக்கர வண்டியில் திருப்பங்களில் முன் பிரேக்கை அழுத்தினால் சறுக்கும். பல பாதைகள் தனியார் கொல்லைகளிலும் ஆரோவில் காட்டு வாயில்களிலும் முடிந்துவிடுவதால் கைபேசி காட்டும் வழியைவிட டீக்கடையில் கேட்பது நம்பகமானது. பொம்மையார்பாளையத்தில் காரைச் சாலையோரம் விட்டுவிட்டு நடப்பது நல்லது. ஓடை விளிம்பில் தடுப்போ எச்சரிக்கைப் பலகையோ இருக்கும் என்று நம்பி நிற்கக் கூடாது; மேலே உறுதியாகத் தெரியும் தரைக்கு அடியில் மண் குடையப்பட்டிருக்கும். மழை பெய்த ஓரிரு நாள்களுக்கு அடியிலிறங்கி நடப்பதும் ஆபத்து. சுவரில் பெயர் கிறுக்குவது இங்கே பரவலாகிவிட்ட கெட்ட பழக்கம். கிறுக்கிய கீறலில்தான் அடுத்த மழை இறங்குகிறது.

திருவக்கரையை நெருங்கும்போது கல்குவாரிகள் வரும். ஜல்லி லாரிகளால் சாலை நொறுங்கி, புழுதி பறக்கும்; கண்ணாடி இல்லாமல் வண்டி ஓட்ட முடியாது. பூங்காவில் சிறு துண்டைக்கூட எடுத்துவருவது குற்றம். ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்ற மாதங்கள். ஏப்ரலுக்குப் பின் செம்மண் மேட்டில் நிழல் தேடி அலைய வேண்டியிருக்கும். மதியத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால் கல்மரங்களை முதலில் பார்த்துவிடலாம். பௌர்ணமி அன்று வக்கிரகாளியின் ஜோதி தரிசனத்துக்குப் பெருங்கூட்டம் வரும். அன்று கல்மரம் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்த் திரும்பிவிடுவது நல்லது.