புண்ணாக்கில் உள்ள புரதம் மாட்டு வயிற்றில் என்ன ஆகிறது?

"புரதம் நாற்பது சதவீதம் என்று சொன்னீர்களே அண்ணாச்சி, பால் ஏறவே இல்லையே" என்று கடலைப் புண்ணாக்கு வாங்கிப் போனவர் கடை வாசலில் வந்து நின்றால் நாம் என்ன பதில் சொல்வோம்? நானும் பல வருஷம் "அது மாட்டைப் பொறுத்தது" என்று மழுப்பியவன்தான். பிறகு ஒரு கால்நடை டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது.

நாம் சாப்பிடும் பருப்பு நேரே நம் உடம்புக்குச் சேருகிறது. மாட்டுக்கு அப்படியில்லை. அதன் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு தொட்டி. அதில் ஒரு சொட்டிலேயே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். புண்ணாக்கு உள்ளே போனதும் முதல் பந்தி அவைகளுக்குத்தான். புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கின்றன. அதோடு விடுவதில்லை, அமினோ அமிலத்தையும் பிரித்து அம்மோனியாவாகவும் சில கொழுப்பு அமிலங்களாகவும் ஆக்கிவிடுகின்றன. அந்த அம்மோனியாவைக் கொண்டு தங்கள் உடம்பை வளர்க்கின்றன. பின்னால் அந்த நுண்ணுயிர்களே அடுத்த வயிற்றுக்குப் போய்ச் செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன.

ஆனால் அவை வளர மாவுச்சத்தும் வேண்டும். வெறும் புண்ணாக்கைக் கரைத்து வைத்தால் அம்மோனியா மிஞ்சும். மிஞ்சியது ரத்தத்தில் கலந்து, ஈரலில் யூரியாவாக மாறி, பெரும்பகுதி மூத்திரத்தில் போய்விடும். வாடிக்கையாளர் கொடுத்த காசும் அதோடு போகிறது! கூடவே சோள மாவோ அரிசிக் குருணையோ அளவோடு சேர்க்கச் சொல்லுங்கள். அளவு முக்கியம், பொங்கல் சமயத்தில் சோற்றை அள்ளி வைத்து, வயிறு புளித்து மாடு படுத்துவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எல்லாப் புண்ணாக்கும் ஒன்றல்ல. கடலை, கடுகுப் புண்ணாக்குகளின் புரதம் முதல் வயிற்றிலேயே வேகமாக உடைந்துவிடும். பருத்திப் புண்ணாக்கில் அதைவிடக் கூடுதலான பங்கு உடையாமல் தப்பி அடுத்த வயிற்றுக்குப் போகும். நிறையப் பால் கறக்கும் மாட்டுக்கு இரண்டையும் கலந்து கொடுப்பது நல்லது. 'பைபாஸ் புரதம்' என்று மூட்டையில் அச்சிட்டு வருவதும் இப்படித் தப்பிப் போகும்படி பக்குவம் செய்த சரக்குதான்.

இனி நமக்குக் கையைச் சுடும் விஷயம். பரிசோதனைச் சாலையில் புரதத்தை நேரே அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். நூறு கிலோ தவிட்டில் ஒரு கிலோ யூரியாவைத் தூவினால் சீட்டில் புரதம் ஏறக்குறைய 3 சதவீதம் கூடித் தெரியும். உள்ளே அமினோ அமிலம் துளியும் கூடியிராது. சில வருஷங்களுக்கு முன் வெளியூரிலிருந்து அப்படி ஒரு லோடு எனக்கு வந்தது. சீட்டைப் பார்த்து நானும் இறக்கிவிட்டேன். ஒரு சில்லறைக் கடைக்காரர் வாங்கி விற்ற மூட்டையில் யூரியா கட்டியாகக் கிடந்திருக்கிறது. அதைத் தின்ற கறவை மாடு ஒரு மணி நேரத்தில் நுரை தள்ளி, வயிறு உப்பி விழுந்துவிட்டது. யூரியா நொடியில் அம்மோனியாவாகி, ஈரலால் சமாளிக்க முடியாமல் ரத்தத்தில் ஏறியதுதான் காரணம். டாக்டர் வினிகரும் குளிர்ந்த தண்ணீரும் செலுத்திக் காப்பாற்றினார். வைத்தியச் செலவையும், கறவை நின்ற நாட்களுக்கு உண்டானதையும் நான்தான் கொடுத்தேன், கொடுக்கத்தானே வேண்டும்?

அன்று முதல் தவிடு, புண்ணாக்கு லோடு வந்தால் மூட்டைக்கு மூட்டை குத்தூசி போட்டுப் பார்க்கிறேன். வெள்ளைக் குருணை தென்பட்டாலோ, ஈரம் பட்ட இடத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தாலோ லாரியை அப்படியே திருப்பிவிடுகிறேன். சீட்டு கேட்கும்போதும் புரதத்தோடு யூரியா அளவையும் தனியாகப் போட்டுத் தரச் சொல்கிறேன். எனக்கு அந்த லோடு அனுப்பியவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. வியாபாரத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.