மலைப் பாதையும் மோட்டார் சைக்கிளும்

தேயிலைத் தோட்டப் பாதைகளுக்கு மோட்டார் சைக்கிள் புதியதன்று. ஆங்கிலேயர் காலத்தில் சின்னத்துரைமார் மலைக்கு மலை சென்று வேலையைப் பார்வையிட அதனைப் பயன்படுத்தினர். அன்று அதன் ஓசை அதிகாரத்தின் ஓசையாக இருந்தது. இன்றோ தோட்டப் பாடசாலை ஆசிரியரும், வெளிக்கள உத்தியோகத்தரும், அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ நாள்தோறும் வேலைக்குச் செல்லும் இளைஞரும் அதனை நம்பி வாழ்கின்றனர். பஸ் எட்டாத பிரிவுகளில், நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் நினைவுக்கு வருவதும் அதுவே. ஆகவே, அது பழுதடைந்து நின்றால் ஒரு நாள் வருமானமும், சில வேளைகளில் அதனினும் பெரியதும் தடைப்பட்டுப் போகும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, பெற்றோலுக்கு மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஆகஸ்ட்டில் பங்கீட்டு முறையின்கீழ் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் ஒன்றுக்குக் கிடைத்தது 4 லீற்றர் மட்டுமே. உதிரிப் பாகங்களின் விலையும் ஏறிற்று. இருக்கும் வண்டியைப் பேணிக் காப்பதன் அருமையை அந்நாட்கள் யாவருக்கும் உணர்த்தின. இறக்குமதித் தடை 2025இல் தளர்த்தப்பட்டது எனினும், அந்தப் பாடம் மறக்கத்தக்கதன்று.

மலைநாட்டில் முதற்கண் கவனிக்க வேண்டியது பிரேக். சமவெளியில் ஓடும் வண்டி இடையிடையேதான் பிரேக்கை நாடும். இங்கோ இறக்கம் முழுவதும் அதனை நாடும். பெற்றோலை மிச்சப்படுத்த எண்ணிச் சிலர் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை இறக்கத்தில் உருட்டிச் செல்வர். இது பேராபத்து. கியரில் இருக்கும்போது எஞ்சினே வேகத்தின் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகிறது. அத்துணை நீங்கினால் முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். அது சூடேறச் சூடேறப் பிடிப்புக் குறையும். கடைசி வளைவில், மிக வேண்டிய தருணத்தில், கைவிட்டுவிடும். எந்தக் கியரில் ஏற்றம் ஏறுமோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்குவது நன்று.

பின்சக்கர டிரம் பிரேக்கைச் சரிசெய்ய ஒரு ஸ்பானர் போதும். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, பிரேக் கம்பியின் முனையில் உள்ள சுரையைச் சிறிது சிறிதாகத் திருக வேண்டும். மிதியை 20 முதல் 30 மில்லிமீற்றர் அழுத்திய பின் பிடிப்பது பெரும்பாலான சிறு வண்டிகளுக்குப் பொருந்தும். பின்னர்ச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். அது உராய்ந்து சுழன்றால் பிரேக்கும் தேயும், பெற்றோலும் வீணாகும். பல வண்டிகளில் டிரம்மின் வெளிப்புறத்தே ஓர் அம்புக்குறி உண்டு. மிதியை முழுவதும் அழுத்தும்போது அம்பு எல்லைக் கோட்டைத் தொட்டால், உள்ளிருக்கும் லைனிங் தேய்ந்துவிட்டது என்பதே பொருள். அப்போது சுரையைத் திருகுவதால் பயனில்லை. லைனிங்கை மாற்றியே ஆகவேண்டும்.

அடுத்தது செயின். மழையும் சேறும் மிகுந்த தோட்டப் பாதையில் அது விரைவில் தேயும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய் இட வேண்டும். எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைப்பவர் விரலை இழக்க நேரிடும். ஆதலால் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையாலேயே சுழற்ற வேண்டும். செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக 20 முதல் 30 மில்லிமீற்றர் அசைவது பொதுவான அளவு. இறுக்கும்போது அச்சின் இருபுறமும் உள்ள குறிகள் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் சக்கரம் கோணி நிற்கும்.

மலையின் உயரமும் எஞ்சினைப் பாதிக்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காபரேட்டர் உள்ள வண்டி கொழும்பில் சரிசெய்யப்பட்டதாயின், மலையில் அதற்குக் காற்றுக் குறைந்து பெற்றோல் மிகும். வலிமை குன்றும், கரும்புகை எழும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். முனை இளம் பழுப்பாக இருப்பின் நலம். கரிபடிந்து கறுத்திருப்பின் முதலில் காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்ய வேண்டும். பிளக்கை எஞ்சின் ஆறியபின் கழற்றுவதும், திரும்பப் பூட்டும்போது முதற் சுற்றுகளைக் கையாலேயே திருகுவதும் முறை. கோணலாக ஏறிய மரை அலுமினியத் தலையைக் கெடுத்துவிடும். சில நூறு ரூபாவை மிச்சப்படுத்தப்போய்ப் பல ஆயிரத்தை இழக்க நேரும்.

எஞ்சின் எண்ணெயையும் வீட்டிலேயே மாற்றலாம். ஆனால், வடித்த பழைய எண்ணெயைக் கானிலோ ஓடையிலோ ஊற்றலாகாது. தோட்டத்து ஓடைகள் மகாவலிக்கும் களனிக்கும் நீர் கொண்டு செல்பவை. கீழே வாழ்வோர் குடிப்பதும் அந்நீரே. பழைய எண்ணெயைப் புட்டியில் அடைத்து, அதனை ஏற்கும் வேலைத்தலத்தில் ஒப்படைப்பதே கடமை.

எதைச் செய்யலாம் என்பதோடு எதைத் தொடலாகாது என்பதையும் அறிவதே உண்மையான தேர்ச்சி. கிளச் கம்பியைச் சரிசெய்தல், ரயரின் காற்றை அளத்தல், தளர்ந்த சுரைகளை இறுக்குதல் ஆகியன வீட்டு வேலைகள். எஞ்சினின் உட்புறம், சக்கரத்தின் பெயரிங், டிஸ்க் பிரேக்கின் எண்ணெய்க் குழாய் ஆகியவற்றைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை. ஞாயிறுதோறும் அரைமணி நேரம் செலவிட்டு, கையேட்டில் குறித்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவரின், பெரும்பழுதுகளில் பல சிறுபழுதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். மழையும் பனிமூட்டமும் சூழ்ந்த மலைப் பாதையில் பிறரையும் ஏற்றிச் செல்பவருக்கு அந்த அரைமணி நேரம் பெரிய விலையன்று.