பயணிகள் ரயிலுக்கான பணம் யாருடையது?

இந்திய ரயில்வே 2016ஆம் ஆண்டு முதல் தன் பயணச்சீட்டுகளில் ஒரு வாசகத்தை அச்சிட்டு வந்தது. பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவீதம் மட்டுமே கட்டணமாகத் திரும்பக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். பின்னர் இணையவழிச் சீட்டுகளில், மீதி 43 சதவீதத்தை நாட்டின் சாதாரணக் குடிமக்கள் சுமக்கிறார்கள் என்பது தெரியுமா என்று பயணியிடமே கேட்கும் வாசகமும் சேர்ந்தது. பயணியைப் பிறர் காசில் ஊர் போகிறவராகக் காட்டிய அந்த வாசகத்தில் இரண்டு குறைகள் இருந்தன. மீதிப் பணத்தை அரசுக் கருவூலம் தருகிறது என்று அது எண்ண வைத்தது. அப்படித் தருவது ஏதோ வேண்டாத சுமை என்ற தொனியும் அதில் ஒலித்தது. உண்மையில் கருவூலம் அந்தப் பணத்தைத் தருவதில்லை. தர வேண்டும் என்பதுதான் நியாயம்.

ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்ல 1 ரூபாய் 38 காசு செலவாகிறது என்றும், வசூலிப்பது 73 காசுதான் என்றும், 2022-23ஆம் நிதியாண்டில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 57,000 கோடி ரூபாய் என்றும் ரயில்வே அமைச்சர் 2025 மார்ச்சில் மாநிலங்களவையில் தெரிவித்தார். இந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் உடன் பார்க்க வேண்டும். தண்டவாளம், சிக்னல், பாலம், நிலையம், பராமரிப்புப் பணியாளர் என எல்லாமே சரக்கு ரயிலுக்கும் பயணிகள் ரயிலுக்கும் பொதுவானவை என்பதால், அவற்றின் செலவில் யாருக்கு எவ்வளவு என்பது அளந்து பார்த்துத் தெரிவதன்று, சூத்திரங்களின்படி பங்கிடப்படுவதே. ரயில்வேயின் கணக்கு முறையையே மாற்றி அமைக்க வேண்டும் என்று பிபேக் தேப்ராய் தலைமையிலான குழு 2015இல் பரிந்துரைத்ததற்கு இந்தத் தெளிவின்மை ஒரு முக்கியக் காரணம். ஆனாலும் பயணிகள் பிரிவில் பெரும் பற்றாக்குறை இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

அந்தப் பற்றாக்குறையை நிரப்புவது சரக்குக் கட்டணம். ஒரு சேவையைப் பயன்படுத்துபவரிடம் கூடுதலாக வாங்கி, அதைக் கொண்டு வேறொரு சேவையின் விலையைக் குறைப்பதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். ரயில்வே ஏற்றிச் செல்லும் சரக்கில் ஏறத்தாழ பாதி நிலக்கரி. ஒடிசாவின் தால்சர் சுரங்கங்களில் தமிழகத்துக்காக வெட்டப்படும் நிலக்கரி ரயிலில் பாராதீப் துறைமுகம் வந்து, கப்பலில் எண்ணூரை அடைந்து, அதில் மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு உரியது மறுபடியும் சரக்கு ரயிலில் ஏறுகிறது. இந்த வழியில் கூடுதலாக வசூலிக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் மின்சாரத்தின் விலையில் போய்ச் சேர்கிறது. ரயிலில் ஏறியே இராத குடும்பமும் மின் கட்டணத்தின் வழியாக ரயில் பயணிக்குப் பங்களிக்கிறது. வருமான வரியைப் போல வசதிக்கேற்ப உயர்ந்தும் தாழ்ந்தும் வராத பங்களிப்பு இது. அதைவிடப் பெரிய கேடு, சரக்குக் கட்டணம் உயர்ந்ததால் சிமென்ட்டும் இரும்பும் லாரிக்கு மாறியது. 1950களில் நாட்டின் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுமந்த ரயில்வே, இன்று மூன்றில் ஒரு பங்குகூடச் சுமப்பதில்லை. இந்தச் சரிவுக்குக் கட்டணம் மட்டுமே காரணமன்று என்றாலும், முதன்மையான காரணங்களில் அது ஒன்று.

அரசு தான் கேட்கும் சேவைக்குத் தானே பணம் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியாவுக்குப் புதிதல்ல. ரயில்வேயை ஆராய்ந்த ஆக்வொர்த் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1924இல் ரயில்வேயின் நிதி பொது நிதியிலிருந்து பிரிக்கப்பட்டபோது, ரயில்வே ஆண்டுதோறும் அரசுக்கு ஒரு தொகை செலுத்த வேண்டும் என்றும், படைகளின் தேவைக்காக எல்லைப் பகுதிகளில் இயக்கப்படும் பாதைகளின் நஷ்டத்தைப் பொதுக் கருவூலமே ஏற்கும் என்றும் முடிவாயிற்று. ரயில்வே பட்ஜெட் 2017இல் பொது பட்ஜெட்டோடு இணைக்கப்பட்ட பிறகும் அந்த நஷ்டத்துக்கு ஈடு தரும் வழக்கம் தொடர்கிறது. படைவீரருக்காக ஓடும் ரயிலுக்குப் பொருந்தும் நியாயம், அரசு மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் செல்பவருக்காக ஓடும் ரயிலுக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு இதுவரை ஏற்கத்தக்க பதில் எதுவும் சொல்லப்படவில்லை.

புதிய பாதை, மின்மயமாக்கல், இரட்டைப் பாதை போன்ற மூலதனப் பணிகளுக்கு மத்திய அரசு தாராளமாகவே தருகிறது. 2025-26 பட்ஜெட்டில் அதற்கான ஒதுக்கீடு 2.52 லட்சம் கோடி ரூபாய். பாதையைப் போட்ட பின் அதில் ரயில் ஓட்டும் அன்றாடச் செலவுக்குத்தான் கைவிரிக்கப்படுகிறது. அதன் விளைவைத் திருவாரூர்–காரைக்குடி பாதையில் காணலாம். அகலப்பாதையாக மாற்றுவதற்காகப் பல ஆண்டுகள் ரயிலின்றிக் கிடந்த அந்தப் பாதையில் 2019 ஜூனில் டெமு ரயில் ஓடத் தொடங்கியபோது, எழுபதுக்கும் மேற்பட்ட லெவல் கிராசிங்குகளுக்குப் போதிய கேட் கீப்பர்கள் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. எனவே கேட் கீப்பர்கள் ரயிலிலேயே பயணம் செய்தார்கள். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும். ஒருவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். ரயில் கடந்து சென்று மறுபடி நிற்கும். இன்னொருவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. பேருந்தைவிட மெதுவாகச் செல்லும் ரயிலில் கூட்டம் சேராது. கூட்டமில்லாத ரயிலை நஷ்டம் என்று கணக்கு காட்டும்.

நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்துப் பாதைகளை மூடினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவராக இருந்த ரிச்சர்ட் பீச்சிங் 1963இல் அளித்த அறிக்கை, 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பாதையையும் மூடப் பரிந்துரைத்தது. கிளைப் பாதைகள் போனாலும் மக்கள் பேருந்திலோ காரிலோ முதன்மைப் பாதைக்கு வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் காரில் ஏறியவர்களில் பலர் நிலையத்தில் இறங்காமல் காரிலேயே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பார்பரா காசில் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது உருவான 1968ஆம் ஆண்டுச் சட்டம், வருவாய் தராவிட்டாலும் சமூகத்துக்குத் தேவையான ரயில் சேவைகளுக்கு அரசு நேரடியாகப் பணம் தரலாம் என்று வழிசெய்தது. எடின்பரோவிலிருந்து தெற்கே சென்று 1969இல் மூடப்பட்ட பாதையின் ஒரு பகுதி, பெருஞ்செலவில் மீண்டும் போடப்பட்டு 2015இல் திறக்கப்பட்டது. ஜெர்மனியில் 1996 முதல் மாநில அரசுகள் மத்திய நிதியைப் பெற்று, எந்தப் பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை ரயில் வேண்டும் என்பதை ஒப்பந்தமாகவே எழுதி வாங்குகின்றன.

ரயில்வேயின் எல்லா நஷ்டத்தையும் சமூகக் கடமையின் கணக்கில் எழுத முடியாது, அதில் திறமைக் குறைவின் பங்கும் உண்டு என்று பிபேக் தேப்ராயும் கிஷோர் தேசாயும் 2016இல் நிதி ஆயோக்குக்காக எழுதிய ஆய்வறிக்கை வாதிட்டது. அது சரியான எச்சரிக்கை. தணிக்கை அறிக்கைகளின்படி ஏசி முதல் வகுப்பும் சில ஆண்டுகள் நஷ்டத்தில் ஓடியிருக்கிறது. அதற்குப் பொதுப்பணம் தேவையில்லை. புறநகர் ரயில், முன்பதிவில்லாப் பெட்டி, குறைந்த தூரப் பயணிகள் ரயில் ஆகிய இவற்றுக்கு இத்தனை ரயில், இந்த நேரத்தில், இந்தக் கட்டணத்தில் என்று அரசு ஒப்பந்தம் செய்து பணம் தந்தால், பணம் பெற்ற பின் ரயில் ஓடாவிட்டால் கேள்வி கேட்கவும் முடியும்.

இப்போது கேட்க இடமில்லை. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களின் கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டது. ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமுமாக இருந்த அந்தச் சலுகை, தொற்றுக்காலம் முடிந்த பிறகும் திரும்பவில்லை. அதே காலத்தில் சாதாரணப் பயணிகள் ரயில்கள் சிறப்பு ரயில்களாக்கப்பட்டு, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாகி, 2024 பிப்ரவரியில்தான் பழைய நிலைக்கு வந்தது. இவை நிர்வாக உத்தரவுகளாலேயே நடந்தன. பயணிகள் சேவைக்கான தொகை பட்ஜெட்டில் தனித் தலைப்பாக இருந்திருந்தால், அதைக் குறைப்பதற்கு முன் அமைச்சர் மக்களவையில் எழுந்து நின்று காரணம் சொல்லியிருக்க வேண்டும். உறுப்பினர்களும் அதற்கு வாக்களித்திருக்க வேண்டும்.