பேசும் கரியும் பேசாக் கரியும்

இறம்பொடையில் மாலைப் பனி இறங்கிவிட்டால் எதிர்மலை தெரியாது; அருவியின் ஓசை மட்டும் கேட்கும். கண்டது இது, கேட்டது இது, கருதிக்கொண்டது இது என்று பிரித்தறியும் பயிற்சியை இம்மலை எமக்கு நாள்தோறும் அளிக்கின்றது. ஆயினும் அப்பயிற்சியை யாம் வீட்டுக்குள் கொண்டுசெல்வதில்லை.

அண்மையில் ஒருநாள் அயல்வீட்டில் தொலைக்காட்சியின் முன் ஒரு சிறு கூட்டம். பிறநாட்டுக் கொலை வழக்கொன்று காட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கூண்டில் நின்ற பெண் வாய்திறந்து நாலு சொற் சொல்லுமுன்னரே, "மொகத்தப் பாருங்க மாஸ்டர், பொய் சொல்றா" என்றார் வீட்டுக்காரர். பள்ளியில் உயர்தரம் படிக்கும் அவர் மகளோ, "ரத்தத்த சோதிச்சுப் பாத்துட்டாங்களே அப்பா, இனி யார் பேசினாத்தான் என்ன?" என்றாள். தந்தைக்கு முகமே சாட்சி. மகளுக்குப் பொருளே சாட்சி. இருவரும் தீர்ப்பை முடித்துவிட்டார்கள். நீதிபதிதான் இன்னும் முடிக்கவில்லை!

'சாட்சி' என்பது கண்ணாற் கண்டவன் என்னும் பொருளடியாக வந்த வடசொல். அதற்கு நேரான பழந்தமிழ்ச் சொல் 'கரி'. வள்ளுவர் ஆண்ட சொல். இளங்கோவடிகளும் ஆண்ட சொல். பொய்க்கரி சொல்வோரைப் பிடித்து உண்ணும் பூதமொன்று புகார் நகரத்து நாற்சந்தியில் இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். கற்புடைய பெண்ணொருத்தியின்மேல், தான் அறியாத ஒன்றை அறிந்தவன்போற் சொன்ன ஒருவனை அப்பூதம் பற்றியது. அவன் தாயின் துயர் கண்டு பொறாது, தன் உயிரைக் கொண்டு அவன் உயிரை விடுமாறு வேண்டி நின்றவன் யார்? கோவலன்! அவ்வாறு பொய்க்கரியாளன் ஒருவனுக்காக உயிர் கொடுக்க முன்வந்தவன், பின்னர் மதுரையிலே பொற்கொல்லன் ஒருவனின் பொய்ச்சொல்லால் உயிர் இழந்தான். அடிகள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே காப்பியத்தில் வைத்தது கருத்தின்றி அன்று.

மதுரையில் நடந்தது என்ன? ஒருவனுடைய சொல் இருந்தது, விசாரணை இல்லை. பாண்டிமாதேவியின் சிலம்பிலே முத்துப்பரல். கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கப்பரல். உள்ளே இருப்பது யாது என்ற வினா, கோவலன் உயிரோடிருந்தபோதே எழுந்திருக்கலாம். அவன் வெட்டுண்ட பின்னரே சிலம்பு உடைந்தது. பேசும் கரி பொய்த்த இடத்திலே பேசாக் கரி மெய்யுரைத்தது. ஆனால் காலங்கடந்து உரைத்தது.

சேக்கிழார் காட்டும் வழக்கு இதற்கு மாறானது. திருவெண்ணெய்நல்லூர் அவையிலே, முதியவர் சுந்தரரைத் தம் அடிமை என்கின்றார். அனுபவம், ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டுக என்கின்றது அவை. மூல ஓலை வந்தபின்னும் அவையோர் உடனே தலையசைத்துவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். இன்று கையெழுத்து ஆய்வு எனப்படுவது இதுவே. வழக்காட வந்தவர் இறைவனேயாயினும், அவைக்கு வேண்டியது சான்று!

நம் நாட்டிலே இவ்விரு கரிகளும் எதிரெதிரே நின்ற பெருவழக்கு ஒன்று உண்டு. 1947-இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர். மறு ஆண்டிலே பிராட்மனின் அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவா சதாசிவம். 1951 ஒக்டோபர் 9-ஆம் நாள் பம்பலப்பிட்டியிலிருந்த வீட்டின் கார்க் கொட்டிலிலே அவர் மனைவியார் கழுத்து நெரிபட்டு இறந்து கிடந்தார். கணவர் கைதானார். தலைமறைவாகிய வேலையாள் வில்லியம் பின்னர் பிடிபட்டார். கணவரே கொன்றார், தாம் உடன் உதவினேன் என்பது வில்லியத்தின் கூற்று. அவருக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கி, அரசதரப்பின் முதன்மைச் சாட்சியாக நிறுத்தினர்.

வழக்கு முழுவதும் ஒரு வினாவிலே தொங்கிற்று. அவ்வம்மையார் இறந்தது எத்தனை மணிக்கு? சதாசிவம் அன்று முற்பகல் ஏறத்தாழப் பத்தரை மணிக்கு வாடகைக் காரிலே வீட்டைவிட்டு வெளியேறியமை தெரிந்தது. அதற்கு முன் உயிர் பிரிந்திருந்தால் அவர்மேற் குற்றம் சாரும், பின்னெனின் சாராது. ஓர் உயிரின் நிலை அரைமணி நேரத்திலே நின்றது.

இறந்த உடல் மெல்லமெல்லக் குளிரும். எவ்வளவு குளிர்ந்தது என்பதைக் கொண்டு எப்போது இறந்தது என்று கணிக்கலாம். ஆனால் இறம்பொடையில் ஊற்றிவைத்த தேநீர் ஆறும் வேகத்திலே கொழும்பில் ஊற்றிய தேநீர் ஆறாது. சுற்றுக்காற்றின் வெம்மை மிகுந்தால் குளிர்தல் தாமதிக்கும். குளிர்நாட்டார் எழுதிய கணக்கை வெப்பநாட்டு உடலுக்கு அப்படியே பொருத்தலாகாது. இதனை உணர்ந்தவர் இலங்கைப் பல்கலைக்கழகச் சட்டவைத்தியப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம். அவர் தூக்கிலிடப்பட்டோரின் உடல்களிலே வெப்பம் குறையும் வேகத்தை அளந்து பார்த்தார். அக்கணக்கின்படி, சதாசிவம் வெளியேறிய பின்னரே மரணம் நேர்ந்திருத்தல் வேண்டும் என்னும் வாதம் வலுப்பெற்றது. எடின்பரோவிலிருந்து வந்த சேர் சிட்னி சிமித் என்னும் பேரறிஞரும் எதிரிதரப்பிற் சாட்சியம் அளித்தார். வில்லியத்தின் உடலிற் காணப்பட்ட நகக்கீறல்களும் ஆராயப்பட்டன.

57 நாள் விசாரணை. எதிரிக்காக வாதாடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. தலைமை வகித்தவர் நீதியரசர் கிரேஷன். 1953 ஜூன் 25-ஆம் நாள் யூரிமார் குற்றவாளி அல்லர் என்றனர். ஏறத்தாழ 20 மாதம் சிறையிலிருந்தவர் வெளியே வந்தார்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஒருவரின் கழுத்தைக் கயிற்றினின்று காத்த கணக்கு, கயிற்றிலே தொங்கியோரின் உடல்களிலிருந்து கற்றது! அக்கயிற்றை இம்மலையும் அறியும். 1941-இல் ஸ்டெலன்பேர்க் தோட்டத் துரை போப் கொல்லப்பட்ட வழக்கிலே தொழிலாளர் இருவர் 1942-இல் தூக்கிலிடப்பட்டனர். 1976-க்குப் பின் இந்நாட்டிலே தூக்கு நிறைவேற்றப்படவில்லை. எனினும் தண்டனை ஏட்டில் இருக்கின்றது. ஆகவே சாட்சி பற்றிய பேச்சு பொழுதுபோக்குப் பேச்சன்று.

நம் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895-ஆம் ஆண்டினது. சாட்சிகளுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கை வேண்டியதில்லை என்கின்றது அதன் 134-ஆம் பிரிவு. குற்றத்தில் உடனிருந்தவனின் சாட்சியத்தை மட்டுமே கொண்டு தண்டித்தலும் சட்டவிரோதமன்று என்கின்றது 133. ஆனால் 114-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்றோ, அத்தகையவன் சொல் முக்கிய விடயங்களில் வேறு சான்றால் உறுதிப்படாவிடின் நம்பத்தக்கதன்று என நீதிமன்றம் கொள்ளலாம் என்கின்றது. முரண்போலத் தோன்றும், முரணன்று. கதவை மூடாதே, வருபவனை ஆராயாமலும் விடாதே என்பதே கருத்து.

இனி, தொலைக்காட்சிக்கு வருவோம். 1995-இல் அமெரிக்காவிலே ஓ. ஜே. சிம்சன் என்னும் விளையாட்டு வீரர், தம் முன்னாள் மனைவியையும் அவர் நண்பரையும் கொன்றதாக விசாரிக்கப்பட்டதை உலகமே கண்டது. இரத்தத்தின் மரபணுச் சான்று இருந்தது, கையுறை இருந்தது. கொலை நடந்த இரவிலே அவரைச் சாலையிற் கண்டதாகச் சொன்ன பெண்ணொருவரும் இருந்தார். அவர் தம் கதையைப் பணத்துக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு முன்னரே சொல்லிவிட்டமையால், அரசதரப்பு அவரைக் கூண்டிலேற்றாமலே விட்டது. கையுறையைக் கண்டெடுத்த காவலர் சத்தியஞ்செய்து சொன்னதொன்று பொய்யென ஒலிநாடாவால் வெளிப்பட்டது. பேசாக் கரியும், அதனை எடுத்துவந்தவன் வாயை நம்பியே அவைக்குள் நுழைகின்றது. ஒக்டோபர் 3-ஆம் நாள் சிம்சன் விடுதலையானார். 1997-இல் உரிமையியல் நீதிமன்றமோ அவரே பொறுப்பாளி என்றது.

இதனாற் பேசும் கரி வேண்டாவென்று தள்ளலாமோ? தள்ளலாகாது. பல்லாண்டு சிறையிருந்தோர் பலரை மரபணு ஆய்வு விடுவித்ததும், அவர்களுட் பெரும்பாலோரைச் சிறைக்கு அனுப்பியது ஆளைத் தவறாக அடையாளங்காட்டிய கண்சாட்சியே என்பதும் உண்மை. அவர்களுட் பலர் பொய்யர் அல்லர்; கண்டதையும் கருதிக்கொண்டதையும் ஒன்றாக்கிக்கொண்டவர்கள். காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்த நம் சமயநூலார் இதனை அறியாதவர் அல்லர்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கின்றேன். பல்லாண்டுக்கு முன், தோட்டத்து மூதாட்டி ஒருவர் வழக்கொன்றிலே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. துணைக்கு யான் சென்றேன். எப்போது கண்டாய் என்று கேட்டனர். "காலைக் கொழுந்து நிறுத்து முடிஞ்சு, மறு நிரைக்கு ஏறுறப்போங்க, சாமி" என்றார். அதைவிடத் துல்லியமான விடை வேறில்லை. அன்று கொழுந்து நிறுத்த நேரம் தோட்டத்துப் பதிவில் இருந்திருக்கும். மொழிபெயர்த்தவர் அதனைப் பத்துமணி என்றாக்கினார். உடனே வழக்கறிஞர் எழுந்து, கைக்கடிகாரம் உண்டா, மணிபார்க்கத் தெரியுமா என்று அடுக்கினார். மூதாட்டி திகைத்து மௌனமானார். சொல்லாத ஒரு சொல்லுக்காக அவர் பொய்யரானார். வரும்வழியிலே பேருந்தில், "நான் மணியே சொல்லலியே ஐயா" என்று மூன்றுமுறை சொன்னார். அன்று எழுந்து நின்று அதனை அவைக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேனே என்னும் வருத்தம் இன்றும் எனக்குண்டு.

சாட்சிகளைக் காக்க 2015-இற் சட்டம் வந்தது. 2023-இல் அதற்கு மாற்றாகப் புதுச் சட்டமும் வந்தது. அச்சுறுத்தலினின்று காத்தற்குச் சட்டம் உதவும். சொல்லைச் சொன்னபடியே அவைக்குக் கொண்டுசேர்த்தற்கு மொழியறிவு உதவவேண்டும். அது எம்போன்ற ஆசிரியர் கடன்.

ஆதலால் என் வகுப்பிலே இப்போது ஒரு பயிற்சி வைத்துள்ளேன். சன்னலின் வழியே ஐந்து நிமிடம் பார்க்கச் செய்து, கண்டதை மட்டும் எழுதுக என்பேன். "மழை வரப்போகிறது" என்று எழுதும் மாணவனுக்குப் புள்ளி இல்லை. "மேற்கு மலைமேல் முகில் கறுத்திருக்கிறது" என்று எழுதுபவனுக்கு உண்டு. அவர்களுள் ஒருவன் நாளை கூண்டிலே நிற்கலாம்; ஒருத்தி மொழிபெயர்க்கலாம்; ஒருவன் நீதிபதியாகவும் இருக்கலாம். அயல்வீட்டாரின் மகளும் அவ்வகுப்பிலேதான் இருக்கின்றாள். அவள் தந்தைக்கும் அப்பயிற்சியைச் சொல்லிக்கொடுத்ததாகக் கேள்வி. கேள்விதான், யான் கண்டதில்லை.